பெரட்டுக்கு வந்த டாக்டர்

சின்னக்கானலிலிருந்து மூணாறு போகும் முதல் பஸ். வெளியே இன்னும் பனி விலகவில்லை. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இருவருக்கும் கொழுந்து கிள்ளும் வேலை, எஸ்டேட்தான் வேறு வேறு.

"டாக்டரையே பெரட்டுக்கு வரவச்சுட்டோம், மதினி" என்றாள் ஜன்னலோரம் இருந்தவள். விடிந்ததும் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்குத்தான் எஸ்டேட்டில் பெரட்டு என்று பெயர்.

"அங்க அவருக்கு என்ன சோலி?"

"காலையில எந்திரிச்சா விரலு மடங்காது. மத்தியானம் தானா இளகிரும். டாக்டர் டிஸ்பென்சரிக்கு வாரதே மத்தியானந்தான். மடக்குங்காரு, மடங்குது. ஒண்ணுமில்ல, வேலைக்குப் போங்காரு."

"எனக்கும் அதே கததான். நடிக்கேன்னு கங்காணி ஏசுதாரு."

"அதான், கை மடங்காத பொம்பளைக எல்லாரும் சேந்து சொல்லிட்டோம். டாக்டர் பெரட்டுக்கு வந்து பாக்குற வரைக்கும் கூடையத் தொடமாட்டோம்னு."

"வந்தாரா?"

"குல்லாவும் மப்ளருமா வந்தாரு. என் விரலப் பிடிச்சு மடக்கிப் பாத்தாரு, அசையல. அடுத்தவ விரலும் அசையல. அவரு மூஞ்சி மாறிப்போச்சு. அன்னைக்கே எஸ்டேட் லாரியில ஏத்தி, மூட்டு வாதம் பாக்குற பெரிய டாக்டர்கிட்ட அனுப்பிட்டாரு. இப்ப மாசாமாசம் லாரி போவுது."

"கேக்குதா மருந்து?"

"இப்பவும் காலைதான? பாருங்க."

அவள் விரல்களை இறுக்கி மூடிக் காட்டினாள்.

மற்றவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடங்காத தன் விரல்களால் அதைத் தடவினாள்.

"நாளைக்கு எங்க எஸ்டேட்டுலயும் ஒருத்தியும் கூடையத் தொடமாட்டா" என்றாள்.