மௌனக் காட்சிக்குக் குரல் கொடுத்தவள்

மணியின் மேல் ஒரு கண்ணும் என் மேல் ஒரு கண்ணுமாக நடுநாயகமாய் வீற்றிருக்கும் அவைத் தலைவர் அவர்களே! படத்தைப் பெற்று, பேரிட்டு, பறக்கவும் விட்ட இயக்குநர் அவர்களே! எங்களால் பாதித் தலைமுடியை இழந்தும் மீதிப் பாதியை நம்பிக்கையோடு வாரிக்கொண்டு வந்திருக்கும் தயாரிப்பாளர் அவர்களே! வயதில் மூத்து, வாழ்த்தில் இனிக்கும் பெரியோர்களே! இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, கண்காணிப்பில் ஒன்று என்று பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களையே இங்கு இழுத்துக்கொண்டு வந்திருக்கும் பிள்ளைகளே! முதல் வரிசையில் முகமூடி மாட்டிக்கொண்டு மூச்சுவிடச் சிரமப்படும் குட்டி அத்தைகளே! உங்கள் எல்லோருக்கும் இந்த வசனகர்த்தாவின் வளமான வணக்கம்.

என்னம்மா? பின்னால் கேட்கவில்லையா? இதோ, மைக்கை நெருங்கி வருகிறேன். இப்போது? நல்லது. கேட்கிறது என்று தலையாட்டுகிறீர்கள். இன்றைய பேச்சே கேட்பதைப் பற்றியதுதான்.

எதற்காகக் கூடியிருக்கிறோம் நாம்? எங்கள் ‘அதிரடி அத்தை’ திரையரங்கின் படியிறங்கி, தெருவைக் கடந்து, உங்கள் வீட்டுக் கூடத்துக்கே வரப் போகிறாள். கதவைத் தட்டாமல், டிவிடி என்னும் வட்டத் தட்டாகவே வருகிறாள்! பெட்டியைத் திறந்து, தட்டைச் செருகினால், வீடு முழுக்க அத்தை. வாங்கியவர் பார்க்கலாம், வாங்காதவர் பக்கத்து வீட்டில் பார்க்கலாம். தயாரிப்பாளர் முறைக்கிறார், அடுத்த செய்திக்குப் போய்விடுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் அத்தை சலவைக்கடை நடத்துகிறவள். பெற்றோர் வெளியூரில் வேலை பார்ப்பதால் அண்ணன் மகனைத் தன்னோடு வைத்து வளர்க்கிறவள். பகலெல்லாம் துணி தேய்ப்பாள். ஊருக்கு ஆபத்தென்றால் முகமூடி மாட்டி, வெளுத்த போர்வையைத் தோளில் முடிந்துகொண்டு விண்ணில் பறப்பாள். அவளுக்கு எதிரி யார்? சத்தத்தைத் திருடும் ஒரு சண்டாளன்! பேருந்தின் ஹாரனைத் திருடுகிறான். பள்ளிக்கூட மணியைத் திருடுகிறான். கைக்குழந்தையின் அழுகையைத் திருடுகிறான். மாமியாரின் ஏச்சையும் திருடுகிறான். அதற்கு மட்டும் சில வீடுகளில் அவனுக்கு நன்றி சொன்னார்களாம்.

சிரிக்கிறீர்கள். யார் வீட்டில் என்று நான் கேட்கப் போவதில்லை.

படத்தின் உச்சத்தில் ஊரே ஓசையற்றுப் போகிறது. பாட்டில்லை, பேச்சில்லை, பின்னணி இசையுமில்லை. திரையில் புயல், காதில் பூஜ்யம்! எங்கள் இயக்குநர் உயிரைக் கொடுத்துச் செதுக்கிய காட்சி அது. வசனகர்த்தாவான எனக்கும் அதைவிடச் சுகமான காட்சி வேறில்லை. எழுதவே வேண்டாமே!

அன்பார்ந்தவர்களே, அந்த மௌனத்துக்குள் ஒரு குடும்பம் மாட்டிக்கொண்ட கதையைத்தான் நான் சொல்ல வந்தேன்.

அந்தக் குடும்பத்தின் தலைவி ஒரு வக்கீல். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நீதிமன்றத்தில் அவர் எழுந்தால் எதிர்க்கட்சி வக்கீல் தண்ணீர்க் குவளையைத் தேடுவார். இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கதையைச் சொல்லலாமா என்று அனுமதி கேட்டேன். “தாராளமா சொல்லுங்க. ஆனா கூட்டிக் கீட்டிச் சொன்னீங்கன்னா அங்கேயே எழுந்து குறுக்கு விசாரணை பண்ணுவேன்” என்றார். ஆகவே அளந்துதான் பேசுகிறேன்.

அவருடைய கணவர் ரொட்டிக்கடைக்காரர். மாவோடு பேசிப் பேசி, மனிதர்களோடு பேச்சைக் குறைத்துக்கொண்டவர். இவர்களுக்கு ஒரே மகள். மூன்றாம் வகுப்பு. வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘ரேடியோ’. ஏன் ரேடியோ? பேசத் தொடங்கிய நாளிலிருந்து, கண்ணால் கண்டதையெல்லாம் அம்மாவின் காதில் ஒலிபரப்புகிறவள் அவள். “அம்மா, எதிர்வீட்டு மாமா இன்னிக்கும் சட்டைய உல்டாவாப் போட்டிருக்கார்.” “அம்மா, அந்தப் பூனை நம்ம கடைக்குப் போகுது, அப்பா பார்க்கல, பார்த்துட்டார், ஓடுது!” யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவுமில்லை. அவளுக்கு அது விளையாட்டு. அம்மாவுக்கு அது விருந்து.

நம் அத்தை திரைக்கு வந்தபோது மூவரும் படம் பார்க்கப் போனார்கள். வசனம் இருக்கும்வரை வம்பில்லை. இடையிடையே மகள் கிசுகிசுத்தாள். அந்தக் கிசுகிசுப்பைப் படத்தின் சத்தம் மூடிக்கொண்டது. பிறகு வந்தது அந்த மௌனம். அரங்கமே அடங்கிப் போயிற்று. வக்கீலம்மா திடுக்கிட்டார். “என்னாச்சு? கரண்ட் போயிடுச்சா?” என்று கேட்டார். மகள் சொல்லத் தொடங்கினாள். மெதுவாகத்தான் சொன்னாள், பாவம்! ஆனால் ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதியில் ஒரு குழந்தையின் குரல் எவ்வளவு தூரம் போகும்?

முன்னாலிருந்து ஒருவர் திரும்பினார். “ஏம்மா, புள்ளய வாய மூடச் சொல்ல மாட்டீங்களா? நல்ல சீனையே கெடுத்துடுச்சு!” இன்னும் இரண்டு பேர் ‘உஷ்’ என்றார்கள். வக்கீலம்மா வாயைத் திறப்பதற்குள் மகள் எழுந்துவிட்டாள். “வாங்கம்மா, போலாம்.” அவ்வளவுதான். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பின்னாலேயே அப்பா, பாப்கார்ன் பொட்டலத்தோடு.

அந்த மனிதரை நான் திட்டமாட்டேன். இருட்டில் அவருக்கு என்ன தெரியும்? ஆனால் அன்றோடு அந்த வீட்டு ரேடியோ நின்றுபோயிற்று.

எதிர்வீட்டு மாமாவின் சட்டை எப்படியிருந்தது, தெரியாது. பூனை எங்கே போயிற்று, தெரியாது. கைப்பிடித்து நடப்பாள், படி இருந்தால் “படிம்மா” என்பாள், பள்ளம் இருந்தால் “பள்ளம்மா” என்பாள். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. வக்கீலம்மா வருடிக் கேட்டார், வாதாடியும் பார்த்தார். “நான் பேசினா எல்லாருக்கும் தொந்தரவும்மா” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள் குழந்தை. எத்தனை சாட்சிகளை மடக்கியவர் அந்தத் தாய்! மகளின் அந்த ஒரு வரி அவரையே மடக்கிவிட்டது.

சரி, அப்பா முயற்சி செய்தார். தொலைக்காட்சியில் ஏதோ படம். அவர் வர்ணித்தார்: “ஒருத்தன் வர்றான்.” சற்று நேரம் கழித்து: “போயிட்டான்.” வக்கீலம்மா கேட்டார், “யாருங்க? எதுக்கு வந்தான்?” “அதைச் சொல்லலையே அவன்!” இதுதான் அவருடைய ஒலிபரப்பு. பார்த்தீர்களா, இப்போதும் அவர் மறுக்கவில்லை, தலைகுனிந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

டிவிடி வரப் போகிறது என்ற சுவரொட்டி கடைத்தெருவில் ஒட்டப்பட்ட வாரம், வக்கீலம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வக்கீல் வந்திருக்கிறார் என்றதும் தயாரிப்பாளர் பின்கதவைப் பார்த்தார். “பயப்படாதீங்க, கேஸ் போட வரல” என்று உட்கார்ந்தார். “உங்க படத்துல கடைசியில என்ன ஆச்சு? அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்.”

நான் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். “எனக்கு மட்டும் சொன்னா போதாதுங்க. வீட்டுக்கு வர்ற தட்டுல, திரையில நடக்கிறதைச் சொல்ற இன்னொரு குரல் வைக்க முடியாதா? வேணும்கிறவங்க பொத்தானை அமுக்கிக் கேட்டுக்கட்டும். வேணாம்கிறவங்களுக்கு உங்க படம் அப்படியே இருக்கட்டும். என் மக என் பக்கத்துல உக்காந்து ஒரு படமாவது முழுசாப் பார்க்கணும்.”

முடியுமா முடியாதா? முடியும். தட்டில் இடமும் இருந்தது, அச்சுக்குப் போகச் சில நாள் அவகாசமும் இருந்தது. தயாரிப்பாளர் உடனே தலையாட்டினார், அதற்காகவே அவருக்கு ஒரு பெரிய கைதட்டல் கொடுங்கள். மறுத்தவர் யார் தெரியுமா? நம் இயக்குநர்!

“மத்த இடத்துல என்ன வேணா பேசிக்குங்க. அந்த மௌனத்து மேல மட்டும் யாரும் பேசக் கூடாது. அந்த மௌனம்தாங்க என் படம்” என்றார். கோபமில்லை அவர் குரலில்; கெஞ்சல் இருந்தது. பெற்ற பிள்ளையின் முகத்தில் யாரோ மை தீட்ட வருவதுபோல் பதறினார். அவரிடத்தில் இருந்தால் நானும் பதறியிருப்பேன்.

செய்தி வாசிக்கும் நண்பர் ஒருவரை அழைத்தோம். வெண்கலக் குரல்! படம் முழுக்க நான் எழுதிக் கொடுத்த வர்ணனையை அழகாகப் படித்தார். கடைசியில், பேசிப் பார்ப்போம் என்று அந்த மௌனக் காட்சிக்கும் வந்தார். “அத்தை கூரையின்மீது தன்னந்தனியாக நிற்கிறாள்” என்று அவர் கணீரென்று தொடங்கினார். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். ஒலிப்பதிவு அறையில் இருந்த வக்கீலம்மாவும் நெளிந்தார். “குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா தீர்ப்பு வாசிக்கிற மாதிரி இருக்குங்க. எழுந்து நிக்கணும்போலத் தோணுது” என்றார். செய்தி வாசிப்பாளரே சிரித்துவிட்டார்.

அன்று பள்ளி விட்டதும் மகளை அப்பா அங்கேயே அழைத்து வந்திருந்தார். அவள் அம்மாவின் அருகில் வாய்பேசாமல் உட்கார்ந்திருந்தாள். “காட்சியை இன்னொரு தரம் குரல் இல்லாம ஓட்டுங்க, யோசிப்போம்” என்றார் இயக்குநர். ஓட்டினோம்.

சத்தம் நின்றது.

அவர்கள் அன்று எழுந்து போன இடம் கடந்தது. இனி வருவது அந்தக் குழந்தையும் பார்த்திராதது. அண்ணன் மகன் மாடியின் விளிம்பில் தடுக்கி, சரிந்து, சுவரின் ஓரத்தைப் பற்றித் தொங்குகிறான். “அத்தை!” என்று அலறுகிறான். வாய் அசைகிறது, ஓசை வரவில்லை. அதுதான் திருடு போயிற்றே! அத்தையோ அடுத்த மாடியில், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அந்தக் குழந்தை உதட்டைக் கடித்தாள். கையைப் பிசைந்தாள். பிறகு, அடக்க முடியாமல் அம்மாவின் காதுக்குத் தாவினாள்.

“அம்மா, பையன் தொங்குறாம்மா! கத்துறான், சத்தமே வரல! அத்தை அந்தப் பக்கம் பார்த்துட்டு நிக்குறா. திரும்பல. அய்யோ, திரும்பலம்மா!”

“பக்கத்துல என்ன இருக்கு?” அம்மாவும் கிசுகிசுத்தார்.

“துணி காயப் போடுற கயிறு. இந்த மாடிலேர்ந்து அந்த மாடிக்குக் கட்டியிருக்கு. பையன் அதைக் காலால உதைக்கிறான்.”

“கயிறு ஆடுமே! அத்தை கை கயிறு மேல இருக்கா?”

“இருக்கும்மா! ஆடுது... அவ கையைப் பார்க்குறா... திரும்பிட்டா! பறக்குறா! பறந்துட்டாம்மா! பிடிச்சுட்டா!”

அன்பார்ந்தவர்களே, எங்கள் இயக்குநரைப் பார்த்தேன். மௌனத்தின்மேல் யாரும் பேசக் கூடாது என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏன்? அந்தக் கிசுகிசுப்பு மௌனத்தை உடைக்கவில்லை! திரையில் சத்தம் செத்துப்போன ஊரில், இரண்டு பேர் மட்டும் மூச்சாலேயே பேசிக்கொள்வதுபோல் இருந்தது. அவர் தேடிய அமைதி அந்தக் கிசுகிசுப்பால் இன்னும் ஆழமாயிற்று.

அவர் நாற்காலியை விட்டு இறங்கி, குழந்தையின் எதிரில் மண்டியிட்டார். “பாப்பா, இதே மாதிரி எங்களுக்கு மைக்குல ஒரு தடவை சொல்லுவியா? எல்லார் வீட்டு அம்மாவுக்கும் கேக்கும்.”

அவள் பயந்து போய்க் கேட்டாள்: “யாருக்கும் தொந்தரவா இருக்காதா?”

“நீ சொல்லலைன்னாதான் எனக்குத் தொந்தரவு.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். “உனக்கு ஆசையா இருந்தா மட்டும் பேசு. எங்களுக்காக வேணாம்” என்றார் வக்கீலம்மா. குழந்தை நன்றாக யோசித்து, ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “அப்பா வெளில இருக்கணும். அவர் சிரிச்சா எனக்கும் சிரிப்பு வந்துடும்.” ரொட்டிக்கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வெளியேறினார். அம்மாவின் காதருகே பேசுவதுபோலவே, அம்மாவை மைக்குக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்த மௌனக் காட்சியைப் பேசி முடித்தாள். நிமிர்ந்தபோது, செய்தி வாசிப்பாளர்தான் முதலில் கைதட்டினார்.

வீரம் என்றால் என்ன? விண்ணில் பறப்பதா? வில்லனை வீழ்த்துவதா? போர்வையை முதுகில் கட்டிக்கொள்வதா? முன் வரிசைப் பிள்ளைகளே, உங்களைத்தான் கேட்கிறேன். தான் கண்டதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் தன் பக்கத்தில் இருப்பவருக்கும் பங்கிட்டுக் கொடுப்பது வீரமில்லையா? ‘உஷ்’ என்று ஊர் அதட்டிய பிறகும் மறுபடி வாய் திறப்பது வீரமில்லையா? ஆம் என்று சொல்லுங்கள்! இன்னும் உரக்க! அப்படிச் சொல்லுங்கள் என் செல்வங்களே! நாளை உங்கள் பக்கத்தில் ஒருவருக்குக் கண் கேட்காவிட்டால், காது காணாவிட்டால்... பார்த்தீர்களா, ஆவேசத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன். பரவாயில்லை, மாறியும் இருக்கட்டும்! ஒருவரின் கண் இன்னொருவரின் காதாகட்டும், ஒருவரின் காது இன்னொருவரின் கண்ணாகட்டும்!

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். கடைசியாக ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை முதல் தட்டை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதன்பின் நடந்ததை ரொட்டிக்கடைக்காரர் என்னிடம் சொன்னார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

மூவரும் சோபாவில் உட்கார்ந்தார்களாம். பொத்தானை அமுக்கினார்களாம். வெண்கலக் குரல் கதை சொல்லத் தொடங்கியதும், பழக்க தோஷத்தில் குழந்தை அம்மாவின் காதுக்குப் போனாளாம். சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தாளாம். பிறகு மெல்லச் சாய்ந்து, அம்மாவின் மடியில் தலையை வைத்து, காலை அப்பாவின் மேல் நீட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி படத்தைப் பார்த்தாளாம். அதற்குமுன் எந்தப் படத்தையும் அவள் அப்படிச் சும்மா படுத்துக்கொண்டு பார்த்ததில்லை. வேடிக்கையான இடம் வந்தபோது, அம்மா அவளுக்கு முன்பே சிரித்துவிட்டாராம்.

இதைச் சொல்ல எனக்கு இடம் தந்த தலைவருக்கும், பொறுமையாய்ச் செவி தந்த உங்களுக்கும், குறுக்கு விசாரணை செய்யாமல் விட்ட வக்கீலம்மாவுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வீட்டுக்குப் போய்க் குடும்பத்தோடு பாருங்கள், நிறைவாகச் சிரியுங்கள், நலமாக இருங்கள். வணக்கம்!