முதல் வாக்கியம்

உங்கள் பட அட்டைகளில் குடை மட்டும் சரியாக வரையப்படவில்லை. முதல் தடவை காட்டியபோது காளான் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை குடை என்று தெரிந்தது. இரண்டு தடவையும் 'ம்ம்' என்றுதான் சொன்னேன். பேச்சுப் பயிற்சி தருகிறவர் நீங்கள், பொறுமைசாலி. மெதுவாக வரும் என்று எனக்கே ஆறுதல் சொன்னீர்கள்.

சற்று முன் நீங்கள் கை கழுவப் போனபோது அட்டைகளை வாய்விட்டுப் படித்துவிட்டேன். சாவி, பூட்டு, நாற்காலி. நீங்கள் கதவருகில் நின்றதைக் கவனிக்கவில்லை. இனி ஒளிக்க என்ன இருக்கிறது? என் மகள் கடையிலிருந்து வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

முப்பது வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தேன். எந்த வண்டி எந்த நடைமேடையில் என்று நான் சொன்னால் கூட்டம் மறுபேச்சில்லாமல் அந்தப் பக்கம் திரும்பும். அந்தக் குரலைத்தான் பக்கவாதம் கொண்டுபோனது. மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் வேலையை விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முனகல்களைக் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதினாள். மொத்தம் பதினொரு சத்தம். குட்டையான 'ம்ம்' என்றால் தண்ணீர். இழுத்தால் முதுகு வலி. மூக்கால் வந்தால் கோபம். என்னைப் பெற்றவள்கூட அப்படிக் கவனித்திருக்க மாட்டாள்.

அந்த நோட்டை வைத்துத்தான் தகவல் தொடர்பியல் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். ஏன் இந்தப் படிப்பு என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினாள். கடைசி வரி எனக்கு மனப்பாடம்: 'அப்பா மறுபடி பேசப்போகும் முதல் வாக்கியத்தைக் கேட்கக் காத்திருக்கிறேன்.' அழுதேன். அது நடிப்பில்லை.

காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் முதலில் இருந்தது. இடம் காலியானால் வெள்ளிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பார்கள், அப்போதே பதில் சொல்ல வேண்டும். தூரத்து ஊர், தங்கித்தான் படிக்க வேண்டும். என்னைப் பார்த்துக்கொள்ள என் அக்காவை ஏற்பாடு செய்தாள். அக்காவுக்கு என் பதினொரு சத்தமும் ஒன்றுதான்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு வாரம் முன்பே எனக்குப் பேச்சு திரும்பியிருந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பழகினேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நிம்மதியாகக் கிளம்பிவிடுவாள்.

வெள்ளிக்கிழமை காலை மாத்திரைகளைத் தலையணை உறைக்குள் போட்டுவிட்டு, காலி டப்பாவைக் காட்டினேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், செருப்பை மாட்டினாள்.

"போன் அடிச்சா எடுத்து 'ம்ம்'னு மட்டும் சொல்லுங்கப்பா. ஓடிப் போய் ஓடி வந்துடறேன்."

பத்து இருபதுக்கு அடித்தது. அவள் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். நடைமேடை மாறியதை அறிவிக்கிற அதே நிதானத்தில் சொன்னேன்: "அவளோட அப்பா பேசறேன். அவ வரலை. அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுங்க."

அந்தக் குரலை யாரும் சந்தேகப்பட்டதில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். இன்னொரு மனிதர் காதில் விழுந்த என் முதல் வாக்கியம் அதுதான்.

மூச்சிரைக்க வந்தவள் மாத்திரையை என் கையில் வைத்த பிறகுதான் கேட்டாள். "போன் வந்துச்சாப்பா?" இல்லை என்று தலையாட்டினேன். சாயங்காலம் வரை தொலைபேசிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒருமுறை எடுத்து, லைன் இருக்கிறதா என்று பார்த்தாள். திங்கட்கிழமை கேட்டபோது இடம் நிரம்பிவிட்டது என்று மட்டும் சொன்னார்களாம்.

இந்த வருடம் அவள் விண்ணப்பிக்கவில்லை. பேச்சும் குறைந்துபோயிற்று. யார் எதைக் கேட்டாலும் 'ம்ம்' என்கிறாள். அது வலியா கோபமா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. அவளைப் பற்றி நான் ஒரு நோட்டும் எழுதவில்லை.

இப்போதாவது அவளிடம் பேசுங்கள் என்கிறீர்கள். பேசினால், அவள் விட்டுக்கொடுத்ததெல்லாம் எதற்கு என்று ஆகிவிடாதா? அந்த வேதனையைக் கொடுக்க எந்த அப்பனுக்கு மனசு வரும்?

படியில் செருப்புச் சத்தம். வந்துவிட்டாள். குடை அட்டையைக் காட்டுங்கள், 'ம்ம்' என்கிறேன்.