பதினேழாவது கையெழுத்து

சுவிஸில், எங்கள் ஊரில் ஒரு தமிழர் வீட்டுக்கு ஜெர்மன் மொழியில் கடிதம் வந்தால், அவர் முதலில் தட்டுவது என் கதவைத்தான். வரி, வதிவிட அனுமதி, பிள்ளையின் பள்ளிக்கூடம், எதுவானாலும் வாசித்துச் சொல்வேன். பதிலும் எழுதித் தருவேன். காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார்கள். இருபத்தாறு வருடங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஆகவே, ஊர் நிர்வாகம் என்னை அழைத்து, 'தில்லைநாதன், இந்த முப்பத்தொன்பது கையெழுத்தையும் எப்படிச் சேர்த்தீர்கள்?' என்று விசாரிப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. வழக்கம்போலத்தான் சேர்த்தேன்.

டாக்டரின் சீட்டுக்குக் கஞ்சா எண்ணெய் கொடுக்கும் மருந்தகம் ஒன்று கடைவீதியில் திறக்க அனுமதி கேட்டது. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதலாம் என்று நீங்கள்தான் அறிவித்தீர்கள். எதிரே இருக்கும் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பள்ளி நடக்கிறது. அதன் தலைவர் நான். நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

என் மனைவி கலாவதிக்கு எலும்பில் புற்றுநோய். வலிக்குக் கொடுத்த மோர்ஃபின் ஒத்துக்கொள்ளவில்லை, சத்தி எடுத்தபடியே இருந்தாள். பிறகு டாக்டர் அந்த எண்ணெயை எழுதிக் கொடுத்தார். அவர்மீது எனக்கு இன்றைக்கும் கோபம்தான். பீல் நகரத்தில் கிடைக்கும் என்றார்கள். ஆனால் பேருந்தில் அவ்வளவு தூரம் இருக்க அவளால் முடியாது. அதனால் நம்முடைய ஊரில் கடை எப்போது வரும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்போது மகள் ஹரிஷாவுக்குச் சூக் நகரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். பெண்ணின் தாய் கஞ்சாக் கடைக்குப் போகிறாள் என்ற கதை அங்கே போனால், அது மருந்து என்று யார் விளக்குவது? நோயை மறைக்கலாம், கடை வாசலில் நிற்பதை மறைக்க முடியாது.

பதினேழாவது கையெழுத்து கலாவதியுடையது. தலைவர் வீட்டுக் கையெழுத்தே இல்லையென்றால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? குசினி மேசையில் தாளை வைத்தேன்.

"இஞ்சாருங்கோ, இது அந்த மருந்துக்கடைக் கடிதமோ?"

"ஓம், அதைப் பற்றித்தான்."

"எங்கை வைக்கிறது?"

"இஞ்சை."

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவள் பேனாவை எடுத்தாள். தாள் அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

கடை வேண்டும் என்று டாக்டர் அனுப்பிய கடிதத்தில் நோயாளிகளும் கையெழுத்து வைத்திருந்தார்கள் என்கிறீர்கள். அங்கேயும் அவளுடைய பெயர் இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது.

பீலுக்கு நானே போய் வாங்கி வந்திருக்கலாமே என்று கேட்டீர்கள். வாங்கலாம். நோயாளிக்குப் பதிலாக இன்னொருவர் வாங்க ஒரு படிவம் நிரப்ப வேண்டும். டாக்டர் தந்த அந்தப் படிவம் மூன்று மாதம் என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. ஊராரின் வேலைகளுக்கு நடுவே அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

ஆட்சேபம் வந்ததால் நீங்கள் ஒழுங்குப்படி அனுமதியை நிறுத்தி வைத்தீர்கள். மார்கழியில் கலாவதி இறந்தாள். அதுவரை, வலியில் கத்துவது மேல்வீட்டுச் சுவிஸ்காரருக்குக் கேட்கக்கூடாது என்று துவாயைக் கடித்துக்கொள்வாள். மடித்துக் கொடுத்தது நான்தான். ஆண்டுத் திவசம் முடியும்வரை வீட்டில் கலியாணம் இல்லை என்றானதும், சூக்கில் இருந்தவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள்.

இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு என்னைக் கூப்பிட்டாள்.

"கடை இன்னும் திறக்கேல்லையோ?"

"உம்மடை கையெழுத்தும் போயிருக்கு. அவங்கள் பாத்துக்கொண்டிருக்கிறாங்கள்" என்றேன்.

அவளுடைய முகம் தெளிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தூங்கினாள். கடைசிவரை அவளுக்கு ஆறுதலாக இருந்தவன் நான் ஒருவன்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.