பாம்புச் செடிக்குத் தண்ணீர் வேண்டாம்

உங்கள் ஜன்னலோரத்து மணி பிளான்ட்டுக்கு யாரோ குடித்து மிஞ்சிய டீயை ஊற்றுகிறார்கள், ஐயா. கீழ் இலைகள் மஞ்சளாவது அதனால்தான். நீங்கள் என்னிடம் கேட்க உட்கார்ந்திருப்பது இதை அல்ல என்று தெரியும். ஆனாலும் கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை. தொழில் பழக்கம்.

வீட்டுக்குள் என்ன செடி வைக்கலாம், எங்கே வைக்கலாம் என்று ஆலோசனை சொல்வதும், அந்தச் செடிகளை விற்பதும் என் தொழில். குடியிருப்பில் என்னைப் ‘பச்சை சார்’ என்பார்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். “சார், கவனிக்கவே வேணாம், ஆனா காத்தை நல்லா சுத்தம் பண்ணணும். அப்படி ஒண்ணு குடுங்க.” பிள்ளை வேண்டும், பெறுகிற வலி மட்டும் கூடாது. நான் சிரித்துக்கொண்டே பாம்புச் செடியை எடுத்துக் கொடுப்பேன். கத்தி செருகியதுபோல நிமிர்ந்து நிற்கும். இருட்டு மூலையில் வைத்தாலும் கோபித்துக்கொள்ளாது. எப்போதாவது ஒரு தம்ளர் தண்ணீர் போதும். அதையும் கொன்றுவிட்டு வந்து நிற்பார்கள். எப்படிக் கொல்வார்கள் தெரியுமா? பாசத்தால். தினமும் ஊற்றி ஊற்றி வேரை அழுக வைத்துவிட்டு, “நல்லாத்தான் சார் பாத்துக்கிட்டேன்” என்று மூக்கைச் சிந்துவார்கள். முட்டாளின் பாசத்தைவிட ஆபத்தானது உலகத்தில் கிடையாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் செடி இல்லாத மூலை இல்லை. அலமாரி மேல், குளியலறை வாசலில், கட்டிலுக்கு இரண்டு பக்கமும். ஜன்னல்களைத் திறப்பதில்லை. தெருப் புழுதியை உள்ளே விட்டுவிட்டு, அதைச் சுத்தம் செய் என்று செடியிடம் சொல்வது என்ன நியாயம்? காற்றின் தரத்தைக் காட்டும் சின்னக் கருவியையும் அறைக்கு ஒன்றாக வாங்கி வைத்திருந்தேன். காற்று நன்றாக இருந்தால் பச்சை விளக்கு, கெட்டுப்போனால் சிவப்பு. எங்கள் வீட்டில் ஒன்றுகூட ஒரு நாளும் சிவந்ததில்லை.

அப்படிப்பட்ட காற்றில்தான் என் மனைவிக்கு இருமல் வந்தது.

முதலில் இருமல். பிறகு இழுப்பு. நெஞ்சுக்குள் யாரோ பழைய கதவைத் திறந்து மூடுவதுபோல ஒரு சத்தம். டாக்டர் சின்னப் பையன். கோட்டுப் பையில் இரண்டு பேனா. ஏதேதோ கேட்டுவிட்டுச் சொன்னார்: “பூந்தொட்டி மண்ணு எப்பவும் ஈரமா இருந்தா பூஞ்சை பிடிக்கும்மா. உங்களுக்கு அது ஒத்துக்கல. செடியெல்லாம் வெளிய வைங்க, ஜன்னலைத் திறங்க. இந்த இன்ஹேலரை எப்பவும் பக்கத்துலயே வச்சிருங்க.”

அந்தப் பையன் வாழ்நாளில் ஒரு கற்றாழையாவது நட்டிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். கருவியைப் பற்றிச் சொன்னேன். “அது பூஞ்சையைக் காட்டாது சார்” என்றார். எதைக் கேட்டாலும் இவர்களிடம் ஒரு பதில் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தொட்டிகளைப் பால்கனிக்கு இழுக்க ஆரம்பித்தாள். ஒரே மதியத்து வெயிலில் பீஸ் லில்லிச் செடியின் இலைகள் கருகிப்போயின. நான் ஒன்றும் திட்டவில்லை. எல்லாவற்றையும் மறுபடி உள்ளே எடுத்து வந்து, கூடுதலாக இரண்டைக் கட்டில் தலைமாட்டில் வைத்தேன்.

“என்னங்க, எனக்கு நெஜமாவே மூச்சு முட்டுது” என்றாள்.

“கருவியைப் பாரு. பச்சைதானே எரியுது?”

அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருமினாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் எத்தனையோ வளர்த்திருக்கிறேன், ஐயா. அவளைப்போல ஓயாமல் கவனிப்புக் கேட்டது எதுவும் இல்லை.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் குடியிருப்புச் சங்கக் கூட்டம் ஒன்று நடந்தது. பக்கத்தில் எழும்பும் எங்கள் குடியிருப்பின் புதுக் கட்டடத்தின் வரவேற்புக் கூடம், நடைகள், எல்லாவற்றுக்கும் செடி வைக்கும் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்று பேச்சு. எழுந்து விளக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக் காற்று சுத்தமானால் மருந்துச் செலவே இருக்காது என்று நான் சொன்ன அந்த நொடியில், பின்வரிசையில் என் மனைவி இருமத் தொடங்கினாள். இருமி இருமி, கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து, எல்லோர் முன்னாலும் வாயில் வைத்து உறிஞ்சினாள். மேல்மாடி டீச்சரம்மா சொன்னாள்: “பச்சை சார் வீட்டம்மாவுக்கே மூச்சு முட்டுதே.” மொத்தக் கூடமும் சிரித்தது. பாம்புச் செடியைக் கொல்லத் தெரிந்த கூட்டம், என்னைப் பார்த்துச் சிரித்தது. உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி மன்னிப்புக் கேட்டாள். மன்னித்துவிட்டேன் என்றேன்.

செயலாளர் பெரிய மனது பண்ணி, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் என் வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவிக்குத் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட ஆசை. காலையிலிருந்தே இழுப்பு. “இன்னிக்கு ஒரு நாள் போயிட்டு வரேங்க” என்றாள். நான் விடவில்லை. பச்சை சாரின் மனைவி நல்ல காற்றைத் தேடித் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பேசுவார்களே. “பின்னறையில படுத்துக்க. கடைசியில கூப்பிடுறேன். வந்து சிரிச்சிட்டுப் போ, போதும்” என்றேன்.

அவள் முகம் கழுவப் போனபோது, தலையணைக்கடியில் இருந்த இன்ஹேலரை எடுத்தேன். அதை வாயில் வைத்துக்கொண்டு அவள் வெளியே வந்து நிற்கக் கூடாது, அவ்வளவுதான். கூடத்துப் பாம்புச் செடித் தொட்டியைக் கிளறி ஆழமாகப் புதைத்தேன். தண்ணீர் கேட்காத செடி. அந்தத் தொட்டியை யாரும் தொடப்போவதில்லை. அவள் படுத்ததும் வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

வந்தார்கள். செருப்பைக் கழற்றும்போதே விலை கேட்டார்கள். ஒவ்வொரு செடியாகக் காட்டினேன், கூடத்துக் கருவியைக் காட்டினேன், ஜன்னல்களை ஏன் திறப்பதே இல்லை என்று விளக்கினேன். தலையாட்டினார்கள். அப்போது பின்னறைக் கதவு தட்டப்பட்டது.

“உள்ள யாரோ தட்டுறாங்க போல” என்றாள் டீச்சரம்மா.

“ஜன்னல் கதவும்மா. காத்துல அடிக்குது” என்றேன்.

ஜன்னலைத் திறப்பதே இல்லை என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். ஒருவருக்கும் உறைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளின் பொய்யைப் பிடித்த டீச்சர், “ஓ, அப்படியா” என்று தலையாட்டினாள். இந்த ஜனங்களைப் பற்றி நான் சொல்வது மிகை என்று இனி நினைக்க மாட்டீர்கள்.

தட்டுவது எதற்கு என்று எனக்குத் தெரியும். செயலாளர், எந்தச் செடிக்கு எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கேட்டார். நல்ல கேள்வி. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும், ஈரம் ஒட்டினால் ஊற்றக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் தட்டல் நின்றுவிட்டது. பிறகு எல்லோருக்கும் எலுமிச்சை ஜூஸ் கொடுத்தேன். பொறுப்பு எனக்குத்தான் என்று செயலாளர் கையைக் குலுக்கினார்.

அவர்கள் போன பிறகுதான் கதவைத் திறந்தேன். இழுப்பு முற்றி இறந்துபோனாள் என்று டாக்டர் பையன் எழுதிக் கொடுத்தார். இன்ஹேலர் எங்கே என்று கேட்டார். எங்கேயாவது வைத்துவிட்டு மறந்திருப்பாள் என்றேன். நம்பினார்.

என்னைக் காட்டிக்கொடுத்தது உங்கள் போலீஸ் இலாகாவின் திறமை அல்ல, தவறாக நினைக்காதீர்கள். அவளுடைய தம்பிதான். எனக்குத் துணையாக இருக்கிறேன் என்று வந்து தங்கினான். அக்கா தொட்டு வளர்த்த செடி என்று பாம்புச் செடியைக் கட்டிக்கொண்டு அழுதான், அவள் அதைத் தொட்டதே இல்லை என்றாலும். நான் புதுக் கட்டடத்து வேலையாக வெளியே போன நாளெல்லாம், குடம் குடமாக ஊற்றியிருக்கிறான். செடி அடியில் குழைந்து சாய்ந்துவிட்டது. மண்ணை மாற்றலாமென்று தொட்டியைக் கவிழ்த்திருக்கிறான். நான் வாசலில் நுழைந்தபோது சேறு அப்பிய இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“மாமா, இது எப்படி மாமா இதுக்குள்ள வந்துச்சு?” என்று கேட்டான். அப்போதும் அவன் என்னைச் சந்தேகப்படவில்லை. நான்தான் செடியைப் பார்த்து, “இதுக்கு யாருடா தண்ணி ஊத்தச் சொன்னது?” என்று கத்தினேன். எத்தனை வருடச் செடி, ஐயா. அழுகி நாறியது. அதன் பிறகுதான் அவன் அந்த இன்ஹேலரோடு உங்களிடம் ஓடி வந்தான்.

எடுத்தது நான். புதைத்தது நான். தாழ்ப்பாள் போட்டதும், தட்டியது காதில் விழுந்தும் திறக்காமல் இருந்ததும் நான்தான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது அந்த அறைக் கருவியைத்தான். அவள் கதவோரம் சுருண்டு கிடந்தாள்; தலைக்கு மேலே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தக் காற்றில் ஒரு குறையும் இல்லை. அதை முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.