பொருக்கு தானா உதிரணும்

ஐயோ, இத்தனை ஆப்பிள் எதுக்குங்க? அவருக்குப் புண்ணு கையிலதான், வாயெல்லாம் ஜோரா வேலை செய்யுது. இன்னிக்குக் காலையில ஆறு இட்லி. அப்படி வைங்க. உக்காருங்க பிரேமலதா, அந்த ஃபேனுக்குக் கீழ. ஆபீஸ்ல இருந்து நேரா வரீங்களா? கன்டோன்மென்ட்ல ஏறினா ஸ்ரீரங்கம் வர்றதுக்குள்ள காவேரிப் பாலத்துல ஒரு தூக்கம் போட்டு எழுந்திடலாம், அவ்வளவு நெரிசல். காபி? வேண்டாமா? சரி.

உள்ளதான் இருக்காரு. இப்பவே போகாதீங்க, மருந்து போட்டுக் காய விட்டிருக்கேன். கொஞ்ச நேரம் பேசிட்டிருப்போம். உங்க சாருக்கு என்ன ஆச்சுன்னு ஆபீஸ்ல சொன்னாரு? எண்ணெய் கொட்டிடுச்சாமா? பாருங்க கதையை. இந்த மனுஷன் இருபத்தஞ்சு வருஷத்துல அடுப்பைப் பத்த வச்சதே இல்ல, எண்ணெய் எங்கிருந்துங்க கொட்டும்? டாட்டூ. பச்சை குத்திக்கிட்டாரு. ஐம்பத்தி நாலு வயசுல.

சிரிங்க, தப்பில்ல. நானும் சிரிச்சேன்.

தில்லைநகர்ல ஜமீல்னு ஒருத்தர் கடை வச்சிருக்காரு. சண்டை போடத்தான் போனேன். போனா அவரு மேல ஒரு தப்பும் இல்ல. புது ஊசி, புது மை, கிளவுஸ், கடை பளபளன்னு இருக்கு. என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு தமிழ்லயே அச்சடிச்சு ஒரு தாள் வேற குடுத்து அனுப்பியிருக்காரு. உங்க சார் அதை என்ன பண்ணாரு தெரியுமா? படிக்காம ஸ்கூட்டர் டிக்கியில ஆர்.சி. புக்குக்குள்ள மடிச்சு ஒளிச்சு வச்சுட்டாரு. சரி, என்னதான் எழுதினீங்கன்னு ஜமீலைக் கேட்டேன். சார் கிட்டயே கேட்டுக்கோங்க ஆன்ட்டின்னாரு. ரகசியம் காக்கிறதுல டாக்டருங்க தோத்தாங்க போங்க.

சாரைக் கேட்டா, சர்ப்ரைஸாம். ஆவணிக் கடைசியில எங்க இருபத்தஞ்சாவது கல்யாண நாள் வருது, அதுக்காக எம்பேரைக் கையில எழுதிக்கிட்டாராம். அனுசுயான்னு. எனக்கெங்க தெரியும்? நான் பார்க்கும்போது கை வீங்கி, பொருக்குத் தட்டி, எழுத்தா எறும்புப் புத்தான்னு சொல்ல முடியல. நம்பிட்டேன். நம்பினது மட்டுமா, கொஞ்சம் வெக்கமா வேற இருந்துச்சு. பக்கத்து ஃபிளாட் வேணிகிட்ட இரு இருன்னு நிறுத்தி வச்சுச் சொன்னேன். இந்த வயசுல இப்படி ஒரு பைத்தியமான்னு சலிச்சுக்கிட்டே சொன்னேன். அப்படித்தானே சொல்லணும்.

எப்படி வீங்கிச்சுன்னு கேளுங்க. ஊசி குத்தினதும் சுத்தி விடுற பிளாஸ்டிக், சில மணி நேரத்துக்குத்தான். இவரு என் கிச்சன்ல பழம் மூடி வைக்கிற ரோலை எடுத்துத் தினம் தினம் சுத்திக்கிட்டு, மேல முழுக்கைச் சட்டை. நான் பார்த்திடக் கூடாதாம். திருச்சிப் புழுக்கத்துல ஆறு நாளு. தோசை மாவு புளிக்கிறதுக்கு நான் கூட இவ்வளவு பக்குவம் பண்ணதில்ல.

அதுக்கு நடுவுல ஆடிப் பதினெட்டு. அம்மா மண்டபத்துல அன்னிக்குக் கால் வைக்க இடம் இருக்காது, உங்களுக்கே தெரியும். காதோலை கருகமணியை ஆத்துல விட்டுட்டு, புது மஞ்சக் கயிறு மாத்திக்கிட்டு, இவரையும் மூணு முங்கு முங்கச் சொன்னேன். சட்டையைக் கழட்டுங்கன்னேன். மாட்டேன்னுட்டாரு, ஜலதோஷம் பிடிக்குமாம். சட்டையோட முங்கினா பிடிக்காது போல. கையில புண்ணு, முங்கக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? சொன்னா குட்டு உடைஞ்சிடுமே. அதனால வாயை மூடிக்கிட்டு மூணு முங்கு. ஊர் அழுக்கு மொத்தமும் இறங்குற துறையில, பச்சைப் புண்ணோட. நான் பக்கத்துலயே நின்னு, இவரு நூறு வயசு இருக்கணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன்.

ரெண்டு நாள்ல நூத்தி மூணு காய்ச்சல். முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் சிவந்து போய், தொட்டா இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடுது. தோல் டாக்டர் பேனாவை எடுத்தாரு. சிவப்பு எங்க முடியுதோ அங்க சுத்திக் கோடு போட்டாரு. இது கோட்டைத் தாண்டினா உடனே தூக்கிட்டு வந்திடுங்க, கைக்கே ஆபத்துன்னாரு. ரெண்டு நாள் நான் வேற வேலையே பார்க்கலைங்க, அந்தக் கோட்டையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நகத்தளவு கூட தாண்டலை. அதுக்கப்புறம்தான் எனக்குத் தொண்டையில தண்ணி இறங்குச்சு.

இப்ப நான் சொல்றதைக் கொஞ்சம் கவனமா கேட்டுக்கோங்க. எனக்கு எதுக்குன்னு கேக்காதீங்க, கேளுங்க.

ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கழுவணும். வெதுவெதுப்பான தண்ணி, வாசனையில்லாத சோப்பு. முதல்ல உங்க கையைக் கழுவிக்கணும். எங்க ஸ்கூல்ல ஒரு சிஸ்டர் கை கழுவுறதுக்குன்னே ஒரு பீரியட் எடுப்பாங்க, விரலிடுக்கு விட்டுப் போனா ஸ்கேல்ல ஒண்ணு விழும். அப்படிக் கழுவணும். நாரு, ஸ்பாஞ்ச் எதுவும் ஆகாது, விரலாலதான். துவட்டுறதுக்கு வீட்டுல எல்லாரும் துடைக்கிற துண்டு கூடவே கூடாது. டிஷ்யூ பேப்பரால ஒத்தி எடுக்கணும். களிம்பு மெலிசா, தடவினதே தெரியக் கூடாது. தேங்காயெண்ணெய் ஆகாது, மஞ்சள் ஆகாது. ஜீயபுரத்துல இருந்து அவரு அக்கா வேலம்மாள் மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு டப்பாவுல எடுத்துக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்துட்டாங்க. ரொம்ப நன்றிங்க அண்ணின்னு வாங்கி, அவங்க தெருமுனை தாண்டினதும் சிங்க்ல கொட்டிட்டேன்.

எழுத்துக்குப் பக்கத்துல ஒரு ரோஜாப் பூ வேற இருக்கு, சிவப்பு மையில. சிவப்பு சில பேரு தோலுக்கு ஒத்துக்காதாம். கறுப்பு ஆறிடுச்சு, பூ மட்டும் கொப்புளம் கொப்புளமா எழும்பி நிக்குது. மாசக்கணக்குல இழுக்கும், அரிக்கும்னாரு டாக்டர். அரிச்சா சொறியக் கூடாது, மேலாக்கத் தட்டணும். தட்டுற வேலையை நான் மனசார செஞ்சேன்.

அப்புறம் பொருக்கு. அதுதான் முக்கியம். பிய்க்கக் கூடாது, தானா உதிரணும், பிய்ச்சா மையும் சேர்ந்து வந்திடும். நான் பிய்க்கலைங்க. அதை நீங்க நம்பணும். அஞ்சு நாளைக்கு முன்னாடி கடைசி எழுத்து மேல இருந்தது உதிர்ந்துச்சு. தா. எம்பேருல தா எங்க இருக்கு? வீக்கத்துல யா இப்படித் தெரியுது போலன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். மறுநாள் அதுக்கு முன்னால ஒரு ல.

என்ன, எழுந்துட்டீங்க? உக்காருங்க. இன்னும் மூணு எழுத்து இருக்கு.

மூணாம் நாளு ம. அப்பவே கத்தியிருக்கலாம். கத்தலை. டீச்சருங்க நான், பேப்பரை முழுசா திருத்தாம மார்க் போடுற பழக்கம் எனக்கு இல்ல. அதே தண்ணி, அதே சோப்பு, முன்னைக்கு இப்ப இன்னும் பதமாவே கழுவினேன். இவரு கண்ணை மூடிக்கிட்டு, அனு, உன் கை எவ்வளவு மெத்துன்னு இருக்குங்கறாரு. அப்படியே முறுக்கி விடலாமான்னு வந்துச்சு. முறுக்கினா ஆறாதேன்னு விட்டேன். நேத்துக் காலையில மிச்சம் ரெண்டும் சேர்ந்து உதிர்ந்துடுச்சு. பளிச்னு இருக்கு. ஜமீலுக்கு நல்ல கையெழுத்துங்க.

வேற பிரேமலதாவா இருக்கலாமா? தாராளமா இருக்கலாம். திருச்சியில நூறு பேரு இருப்பாங்க. ஆனா ல சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்தது நீங்க ஒருத்தர்தான்.

அழாதீங்க. அந்த டிஷ்யூவை எடுத்துக்கோங்க, நிறையத்தான் வாங்கி வச்சிருக்கேன். உங்களைத் திட்டக் கூப்பிடலை. திட்டுறதுன்னா போன்லயே முடிச்சிருப்பேன், ஆபீஸுக்குப் போன் போட்டு உங்களை மட்டும் அனுப்பச் சொல்லி எதுக்குக் கெஞ்சணும்? எழுதிக்கங்கன்னு நீங்க கேட்டீங்களா, அவரா எழுதிக்கிட்டாரா, அது உங்க ரெண்டு பேரு பாடு. ஆனா ஒண்ணு. நீங்க கேட்டிருந்தா, தண்ணியில முங்கக் கூடாதுன்னு நீங்களாவது சொல்லி அனுப்பியிருக்கணும். கை போயிருக்கும்.

அந்தப் பெட்டியா? நான் எங்கயும் போகலைங்க. இந்த ஃபிளாட் எங்கப்பா எம்பேருல வாங்கினது, நான் எதுக்குப் போகணும்? அதுல அவரு துணியும் பிரஷர் மாத்திரையும் இருக்கு. மேல் பையில ரெண்டு களிம்பு. வெள்ளை டியூப் எழுத்துக்கு, ரெண்டு வேளை. நீல டியூப் பூவுக்கு, ஒரு வேளைதான், அதுவும் வர்ற வியாழக்கிழமை வரைக்கும்தான், அதுக்கு மேல போட்டா தோல் மெலிஞ்சிடும். நீங்க கே.கே. நகர்ல தனியாத்தான் இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். ஒரு ரூம் மிச்சம் இருக்கும் இல்ல?

அவருக்குத் தெரியும். காலையில சாப்பிட்டு முடிச்சதும் சொல்லிட்டேன். அனுன்னு ஒரு தடவை கூப்பிட்டாரு, நான் தட்டைக் கழுவிக்கிட்டிருந்தேன், சரியா கேக்கலை.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்காரு. கூட வர்றவங்க பேரு கேட்டாங்க, உங்க பேரையும் நம்பரையும் குடுத்திருக்கேன். நல்ல மனுஷன், கையைப் பார்ப்பாரு, உங்களைப் பார்ப்பாரு, ஒண்ணும் கேக்க மாட்டாரு.

கீழ டாக்ஸி வந்துடுச்சு போல, ஹாரன் கேக்குது. போங்க, உள்ள இடது பக்க ரூம். எங்க லிஃப்ட் ரொம்பச் சின்னது, கம்பிக் கதவுல கை இடிச்சுடாம முதல்ல அவரை உள்ள நிக்க வச்சுட்டு, அப்புறம் நீங்க ஏறுங்க.