மாலை போட்ட படம்

"உயிரோட இருக்கற பொண்ணுக்குப் படையல் போடறாங்கடி!"

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில், முன்சீட்டு அம்மா தன் தங்கையிடம் இப்படிச் சொன்னதும் இயர்போனைக் கழற்றிவிட்டேன். இதை எழுதியே தீரணும் என்று அந்த நொடியே தோன்றிவிட்டது. அவருடைய மகள் சீரியல் நடிகையாம்.

"மொத சீரியல்ல, செத்துப்போன மூத்த சம்சாரம்னு இவ படத்துக்கு மாலை போட்டு மாட்னாங்களே, அதே படத்த ஷூட்டிங் நடந்த அந்த வீட்டுக்காரங்க மாட்டிக்கினு, சுமங்கலியா செத்து சாமியான பூவாடைக்காரி கனவுல வந்தாங்கறாங்க. வெள்ளிக்கெழம தவறாம வெளக்கு."

"மல்லாட்டைக் கடலை ஒடச்சிக்கினு இருந்தவளுக்கு அதுக்கப்புறந்தானே அக்கா ஹீரோயின் சான்ஸ் வந்துச்சு?"

"வெள்ளிக்கெழமையானா காய்ச்சலும் அப்பத்தான்டி வந்துச்சு. படத்த எறக்குங்கன்னு இன்னிக்குக் கெஞ்சிட்டேன். கேட்டதெல்லாம் குடுக்கற சாமி, எறக்க மாட்டோம்னுட்டாங்க."

"வீடியோ கால்ல அவளப் பேசச் சொல்றதுதானே?"

"சொன்னேனே! சாமி பேசுதுன்னு போனுக்குக் கற்பூரம் காட்டிட்டாங்க."

தங்கை சிரிக்க ஆரம்பித்து, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"வர்ற வெள்ளிக்கெழம அவளையே கூட்டிக்கினு போறேன். அவ கையாலயே அந்த மாலைய கழட்டட்டும்."

"வருவாளா?"

"வர்றேன்னுட்டா. படத்துல கட்டியிருக்கற அதே பச்சப் புடவையத்தான் கட்டிக்கினு வருவேங்கறா. அதான்டி பயமா கீது."