‘போ’ என்பதற்கு நாலு சொல்

பள்ளிக்கூடத்தில் கற்ற கொஞ்சத்தை வைத்துக்கொண்டு எழுதத் துணிந்துவிட்டேன். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சேந்தமங்கலத்தில் காட்டிலாகா துரையின் ஆபீஸ் வாசலில், மலையிலிருந்து மிளகு இறக்க அனுமதிச் சீட்டு வாங்கக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் மலைமேல் எடப்புளி நாட்டு அம்மாள் ஒருவர் நின்றார். காட்டில் மேய்ந்ததென்று அவருடைய உழவுமாட்டைப் பிடித்துக் கட்டியிருந்தார்கள். உள்ளேயிருந்து துரை ஏதோ கத்தினார். சேவகர் வெளியே வந்தார்.

“உங்களைப் போகச் சொல்றாருங்கம்மா.”

“தெரியுதுங்க. முந்தாநேத்து ‘கெட் அவுட்’டுன்னாரு. நேத்து ‘கோ அவே’ன்னாரு. இன்னிக்கு ‘கெட் அவுட் ஆஃப் ஹியர்’னு நாலு சொல்லா நீட்டறாரு. ‘போ’ன்னு சொல்ல எங்களுக்கு ஒத்தச் சொல்லு போதும். அவரு சொல்லுக்குத் துணைக்கு ஆளு வேணுமாட்ட இருக்குது.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“மெதுவாப் பேசுங்கம்மா. அவரு காதுல உழுந்தா என்ற வேலை போயிரும்.”

“மழை பேஞ்சிருச்சுங்க, சாமை விதைக்கோணும். மாட்டைத் திருப்பிக் குடுன்னு அவரு பாசையில எப்படிக் கேக்கறது?”

சேவகர் தலை குனிந்துகொண்டு, “கிவ் பேக்,” என்றார்.

“ரெண்டே சொல்லுதானுங்களா? அப்ப நானே கேக்கறேன்.”

அவர் சன்னலருகே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “கிவ் பேக்! என்ற மாட்டை கிவ் பேக்!” என்று கத்தினார்.

மறுநாள் மாலை மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். சேவகரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.